எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்பித்தல்

மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு குழந்தை எழுத்து வரிசை முழுவதையும் தட்டுத் தடங்கலின்றி ஒப்பிக்கிறது. பாடப் புத்தகத்தின் முதற் பாடத்தைப் பக்கத்தைப் பாராமலே சொல்லிவிடுகிறது. ஆனால் முன்பு கண்டிராத ஒரு சிறு சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் மௌனமாகிவிடுகிறது. நாட்டின் பல மாநிலங்களிலும் ஆரம்பப் பள்ளிகளைப் பார்வையிட்டுவருவோர்க்கு இக்காட்சி புதிதன்று. 2005ஆம் ஆண்டு முதல் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் வாசிப்பைச் சோதித்துவரும் 'அசர்' ஆய்வின் கணக்குப்படி, 2018இல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் நூற்றுக்கு 27.3 பேரே இரண்டாம் வகுப்புத் தரத்திலமைந்த சிறு கதையொன்றை வாசிக்க வல்லவராயிருந்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் விளைவாக 2022இல் இது 20.5 ஆகக் குறைந்தது, 2024இல் 27.1 ஆக மீண்டது. மீண்டமை மகிழ்ச்சிக்குரியதே. எனினும் ஏறக்குறைய நால்வரில் மூவர்க்கு அத்தரத்து வாசிப்பு கைவரவில்லை என்பதும் அவ்வெண்ணுக்குள் அடங்கியிருக்கிறது.

மேற்கூறிய குழந்தைக்கு எழுத்துத் தெரியாது என்று சொல்ல முடியாது. அதற்குத் தெரிந்தது எழுத்துகளின் பெயர். தெரியாதது எழுத்துகள் வேலை செய்யும் விதம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைத் திட்டமிட்டதோர் ஒழுங்கில் கற்பித்து, அவ்வுறவைக் கொண்டே புதிய சொல்லை வாசிக்கச் செய்யும் முறையை மேனாட்டார் 'ஃபோனிக்ஸ்' என்பர். தமிழில் 'எழுத்துக்கூட்டி வாசித்தல்' என்று வழங்கும் பழைய தொடர் ஏறத்தாழ இதனையே குறிக்கிறது. கூட்டுதல் என்னும் சொல்லே இங்குக் கருத்தூன்றத்தக்கது. தனித்தனியே அறிந்த ஒலிகளை ஒன்றுகூட்டினாலன்றிச் சொல் பிறப்பதில்லை.

இம்முறையைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தை ஒட்டி எழுந்ததாகும். சொல்லை முழு வடிவாகக் கண்டு மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுமா, எழுத்தொலிகளைக் கூட்டி அறிய வேண்டுமா என்னும் வழக்கு அமெரிக்க நாட்டில் நெடுங்காலம் நடைபெற்றது. 1967இல் ஜீன் சால் என்னும் அறிஞர் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, தொடக்க நிலையில் எழுத்தொலி உறவைக் கற்பிக்கும் முறைக்கே ஆதரவாக எழுதினார். 2000ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசிய வாசிப்புக் குழுவும், ஒழுங்காக அமைந்த ஒலிவழிப் பயிற்சி பெற்ற குழந்தைகள் அது பெறாதவர்களைவிட முன்னேறினர் என்று கண்டது. இங்கிலாந்தில் 2006இல் ஜிம் ரோஸ் தலைமையில் வெளிவந்த அறிக்கையை அடுத்து இம்முறை பள்ளிகளில் நிலைபெற்றது. இக்குழுக்கள் எவையும் ஒலிவழிப் பயிற்சி ஒன்றே போதும் என்று கூறவில்லை. கதை கேட்டல், உரையாடல், சொல்வளம் ஆகியவை உடன் சென்றாக வேண்டும் என்பதே அவற்றின் கருத்து. இதனை மறந்து, முறையின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வோர் நம் நாட்டில் இல்லாமலில்லை.

நம் எழுத்துகளின் இயல்பு

அந்நாடுகளின் முடிவுகளை அப்படியே பெயர்த்துவந்து நம் பள்ளிகளில் நட்டுவிட இயலாது. எழுத்தின் அமைப்பே வேறாக இருப்பதுதான் காரணம். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் உள்ளன. அவற்றைக் கொண்டு எழுத வேண்டிய ஒலிகளோ சுமார் 44. ஆகவே ஓரெழுத்து பல ஒலிகளுக்கும், ஓரொலி பல எழுத்துக் கூட்டங்களுக்கும் உரியதாகிறது. நம் மொழிகளில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறானது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு இங்கு நேரானது. ஆனால் வடிவங்களின் தொகை மிகுதி. தேவநாகரியின் 33 மெய்களையும் இந்தியில் 'பாராகடி' எனப்படும் 12 வரிசைகளையும் பெருக்கினால் 396 வடிவங்கள் கிடைக்கும். கூட்டெழுத்துகள் இதற்கு மேல். தமிழில் கூட்டெழுத்துச் சுமை இல்லையாயினும் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள் உள்ளன.

கன்னடக் குழந்தைகளின் வாசிப்பை ஆராய்ந்த சொனாலி நாக், இவ்வெழுத்துகள் யாவும் கைவர நான்காம் வகுப்பு வரையிலும்கூடக் காலம் செல்கிறது என்று 2007இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார். சொல்லிலுள்ள அசைகளைப் பிரித்துணரும் திறன் குழந்தைகளுக்கு முன்னரே வந்துவிடுகிறது என்பதும், அசைக்குள் இருக்கும் தனி ஒலிகளை உணரும் திறன் மிகவும் பிந்தியே வருகிறது என்பதும் அவ்வாராய்ச்சியில் புலப்பட்டன. ஆசிரியர்கள் தங்கள் வகுப்பிலேயே இதைச் சோதித்துக்கொள்ளலாம். 'கிளி' என்னும் சொல்லைக் கைதட்டிப் பிரிக்கச் சொன்னால் ஐந்து வயதுக் குழந்தை 'கி', 'ளி' என்று எளிதில் இருமுறை தட்டும். 'கி' என்பதில் முதலில் கேட்பது எது, பின்னர் கேட்பது எது என்று வினவினால் விழிக்கும். குழந்தையின் செவிக்கு 'கி' என்பது பிளவுபடாத ஒரே ஒலி. எழுத்தோ அதனைக் ககரமாகவும் இகரக் குறியாகவும் பகுத்துக் காட்டுகிறது. இவ்விடத்தில்தான் நம் குழந்தைகளிற் பெரும்பாலோர் தடுக்கி விழுகின்றனர்.

இதனை வேறொரு விதமாகவும் கூறலாம். 396 வடிவங்களை 396 படங்களாக மனத்திற் பதிக்க முயலும் குழந்தைக்கு அது முடிவில்லாத வேலை. 33 மெய்களும் 11 குறிகளும் ஒன்றோடொன்று சேர்வதால் அவை உண்டாகின்றன என்பதைக் கண்டுகொண்ட குழந்தைக்குச் சுமை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. கெட்டிக்காரக் குழந்தைகள் சிலர் இதனைத் தாமே கண்டுகொள்கின்றனர். மற்றவர்களுக்கு யாரேனும் காட்டித் தர வேண்டும்; பல பள்ளிகளில் அது காட்டப்படுவதே இல்லை.

எந்த வரிசையில் தொடங்குவது

நம் எழுத்து வரிசைகள் மிக்க நுட்பம் வாய்ந்தவை. தொண்டையிலிருந்து இதழ் வரை ஒலி பிறக்கும் இடங்களை ஒட்டி அவற்றை அடுக்கிய பண்டை இலக்கணிகளின் அறிவை உலக மொழியியலார் போற்றுகின்றனர். ஆனால் இலக்கணிக்கு உகந்த வரிசையே ஐந்து வயதுக் குழந்தைக்கும் உகந்ததாகும் என்பதற்கில்லை. உயிரெழுத்து யாவும் முடிந்த பின் மெய், மெய் முடிந்த பின் உயிர்மெய் என்று சென்றால், குழந்தை தன்னால் வாசிக்கத்தக்க ஒரு சொல்லைச் சந்திப்பதற்குள் மாதங்கள் பல கழிந்துவிடும். அதுவரை அது செய்வது ஒப்பித்தலே, வாசித்தல் அன்று.

வரிசையைக் கற்போர்க்கு இசையத் திருத்தலாம் என்னும் துணிவு நம் நாட்டுக்குப் புதியதன்று. ஈசுவர சந்திர வித்தியாசாகரர் 1855இல் வெளியிட்ட 'வர்ணபரிசய்' என்னும் வங்காள அரிச்சுவடியில், வழக்கிலில்லாத நெடில்கள் சிலவற்றை நீக்கி எழுத்து வரிசையைச் சீர்செய்ததோடு, கூட்டெழுத்துகளை முதற் பாகத்தில் சேர்க்காமல் இரண்டாம் பாகத்துக்கு ஒதுக்கினார். எளியது முன், கடியது பின் என்னும் நியாயமே அது. கர்நாடகத்தில் ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில் 1995இல் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய 'நலி கலி' முறையில் அகரவரிசை அறவே மாற்றப்பட்டது. ர, க, ஸ, த, அ ஆகிய ஐந்தெழுத்துகளோடு அங்குக் கன்னடப் பாடம் தொடங்குகிறது. மாலையைக் குறிக்கும் 'ஸர', அரசனைக் குறிக்கும் 'அரஸ', இரம்பத்தைக் குறிக்கும் 'கரகஸ' ஆகிய சொற்களை இவ்வைந்தினாலேயே வாசித்துவிடலாம்.

இந்தியில் ந, ல, ம, க என்னும் நான்கு மெய்களையும் ஆகாரக் குறி ஒன்றையும் எடுத்துக்கொண்டால் கிடைக்கும் விளைவு வியப்பளிப்பது. நல் (குழாய்), நமக் (உப்பு), கமல் (தாமரை), கலம் (பேனா), நாக் (மூக்கு), கான் (காது), காம் (வேலை), நாம் (பெயர்), மாலா (மாலை), காலா (கறுப்பு), மகான் (வீடு), மாமா, நானா என்று பத்துக்கு மேற்பட்ட சொற்கள் உடனே கைக்கு வருகின்றன. தமிழிலும் அவ்வாறே. க, ப, ம, ல என்னும் நான்கையும் புள்ளியையும் காலையும் கற்ற குழந்தை கல், கால், பல், பால், பலா, பாலம், பக்கம், கப்பல், கம்பம், மாமா, பாப்பா ஆகியவற்றை வாசிக்கலாம். முதல் வாரத்திலேயே 'பால்' என்று வாசித்துப் பொருளையும் உணர்ந்த குழந்தைக்கு, வாசிப்பு என்பது எதற்கு என்பதைத் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கையில் மூன்று செய்திகளைக் கருதலாம்: அடிக்கடி வரும் எழுத்தா, எழுதுவதற்கு எளிதா, உடன் கற்பிக்கும் எழுத்தோடு உருவத்தாலோ ஒலியாலோ குழப்பம் விளைவிக்குமா. தேவநாகரியில் 'ப'கரமும் 'வ'கரமும் ஒரு சிறு கோட்டினாலேயே வேறுபடுபவை. தமிழில் ண, ன, ல, ள, ழ ஆகியவை செவிக்கு நெருங்கியவை. இத்தகைய இணைகளை ஒரே நாளில் கற்பித்தல் ஆகாது. ஒன்று நன்கு ஊன்றிய பின்னரே மற்றொன்றைக் கொணர வேண்டும்.

இம்மாற்றத்தால் அகரவரிசையே மறந்துபோகும் என்று அஞ்சும் ஆசிரியர்களும் பெற்றோரும் உண்டு. வரிசையைப் பாட்டாகக் கற்பிப்பதில் தீங்கில்லை. அகராதி பார்க்கும் பருவத்தில் அது பயன்படவே செய்யும். அப்பாட்டே வாசிப்புப் பாடமாகிவிடக்கூடாது என்பதே கருத்து.

உயிர்க்குறி என்னும் இடர்

இந்தியில் 'மாத்ரா' எனப்படும் உயிர்க்குறியைக் கற்பிப்பதிலேயே ஆசிரியரின் திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம். வழக்கமான முறையில், மெய்கள் அனைத்தும் முடிந்த பின்னர், 'க, கா, கி, கீ' என்று ஒரு மெய்யின் வரிசை முழுவதும் ஒருசேர ஓதப்படுகிறது. குழந்தை இசையைப் பற்றிக்கொள்கிறது; வரிசையின் நடுவிலிருந்து 'கே' ஒன்றை எடுத்துக் காட்டினால், மனத்துக்குள் 'க'விலிருந்து பாடிக்கொண்டு வந்தே அதனை அடைகிறது. சில குழந்தைகள் உதடு அசைய இவ்வாறு செய்வதை ஆசிரியர் கூர்ந்து நோக்கினால் காணலாம்.

இதற்கு மாற்று, வரிசையைக் குறுக்காக வெட்டுவதாகும். ஆகாரக் குறி ஒன்றையே எடுத்துக்கொண்டு, கற்ற மெய்கள் எல்லாவற்றோடும் அதனைச் சேர்க்கச் செய்ய வேண்டும்: கா, மா, பா, லா. நான்கிலும் ஒன்றாகக் கேட்பது எது என்று வினவ வேண்டும். குழந்தை வாயைத் திறந்து 'ஆ' என்று நீட்டும்போது கரும்பலகையில் குறியைச் சுட்டிக்காட்ட வேண்டும். அடுத்து கல், கால் என்றும் பல், பால் என்றும் இரண்டிரண்டாக எழுதி, மாறியது எது, மாறாதது எது என்று கேட்கலாம். ஓர் அட்டையில் மெய்யையும் சிறு சீட்டொன்றில் குறியையும் எழுதிக் குழந்தையின் கையிலேயே கொடுத்து ஒட்டவும் எடுக்கவும் விட்டால் விளக்கவுரைக்கு அவசியமே இராது. ஒரு குறி ஊன்றுவதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டு அடுத்ததைப் புகுத்துவதால் இலாபமில்லை.

குறியின் இடம் வேறொரு தொல்லை. இந்தியில் குறில் இகரக் குறி மெய்யின் இடப்புறத்தில் நிற்கிறது; ஆனால் ஒலிக்கும்போது மெய்க்குப் பின்னரே வருகிறது. 'கிதாப்' என்பதில் கண் முதலிற் காண்பது இகரம். வாய் முதலிற் சொல்வது ககரம். தமிழில் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகியவற்றின் குறிகளிலும் இவ்வாறே. ஒகர ஓகாரங்களில் குறி இருபுறமும் பிரிந்து நிற்பது கூடுதற் சங்கடம். பெரியவர்களுக்கு இது கண்ணிற் படுவதே இல்லை. குழந்தைக்கோ இடமிருந்து வலம் செல் என்று இப்போதுதான் கற்பித்திருக்கிறோம். உடனே அதற்கு விலக்கும் கூறுகிறோம். இக்குறிகளைப் பிற்பாடு வைத்துக்கொண்டு, மெய்யும் குறியும் சேர்ந்தது ஒரே வீடு என்பதாக அவற்றைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து காட்டும் வழக்கம் பயன் தருகிறது.

தமிழில் 1978இல் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் நீங்கி, அவை மற்றவற்றைப்போல ஒழுங்குபெற்றன. எனினும் உகர ஊகார வரிசைகள் பழைய நிலையிலேயே இருக்கின்றன. கு, சு, டு, து ஆகிய நான்கும் நான்கு விதமாகக் குறியேற்பதைக் காண்க. இவ்வரிசையில் மட்டும் 'ஒரு குறி, ஒரே ஒலி' என்னும் விதி கண்ணுக்குப் புலப்படாது. ஆகையால் இதனைக் கடைசியில் வைத்து, உருவ ஒப்புமை உள்ளவற்றைச் சிறு சிறு குழுக்களாகக் கற்பிப்பது நலம்.

கூட்டும் முறை

வட மாநிலப் பள்ளிகள் பலவற்றில் சொல்லை உச்சரிக்குமுன், 'க மீது ஆகார மாத்திரை கா, ம மீது ஆகார மாத்திரை மா' என்னும் பொருளில் நீண்ட வாய்பாடு ஒன்றை ஓதுவது வழக்கம். மூன்றெழுத்துச் சொல் ஒன்றை இவ்வாறு ஓதி முடிப்பதற்குள் முதலெழுத்து எது என்பது குழந்தைக்கு மறந்துவிடுகிறது. குழந்தையின் நினைவு தாங்கக்கூடிய சுமை மிகச் சிறிது. அதனை வாய்பாட்டுக்குச் செலவிட்டால் சொல்லுக்கு மிஞ்சுவதில்லை. தமிழில் 'ப, இல், பல்' என்று கூட்டுவது இதனினும் சுருக்கமானது. ஆயினும் முன்னால் வந்து நிற்கும் அந்த இகரத்தை விரைவில் உதிர்த்துவிட வேண்டும்.

ஆசிரியர் விரலை முதலெழுத்தின் கீழ் வைத்து அதன் ஒலியைச் சற்றே நீட்டி, நிறுத்தாமலே விரலை நகர்த்தி அடுத்த ஒலியோடு இணைக்க வேண்டும்: 'மா…லா, மாலா'. முதலில் தாம் செய்து காட்டுதல், பின்னர்க் குழந்தையோடு சேர்ந்து செய்தல், அதன்பின் குழந்தையைத் தனியே விடுதல் என்னும் மூன்று படிகள் போதும். கூட்டிய உடனே, 'இது என்ன?' என்று பொருளைக் கேட்பதை ஒருபோதும் விட்டுவிடக்கூடாது. வாசித்த சொல்லை அப்பொழுதே சிலேட்டில் எழுதச் செய்வது வாசிப்பை உறுதிப்படுத்துகிறது. பார்த்து எழுதுவதைவிட, ஆசிரியர் சொல்லக் கேட்டு, ஒலியைப் பிரித்து எழுதுவதே இங்குப் பயன் தருவது.

பொருளைப் பற்றிய இவ்வற்புறுத்தல் வெறும் அலங்காரமன்று. இந்தியில் எழுத்தின்படி கூட்டினால் 'க-ம-ல' என்று வரும். பேச்சில் ஈற்று அகரம் ஒலிப்பதில்லை, 'கமல்' என்பதே சொல். தமிழில் 'பம்பரம்' என்பதில் முதற் பகரம் வன்மையாகவும் இரண்டாம் பகரம் மென்மையாகவும் ஒலிக்கின்றன, எழுத்து ஒன்றே. எழுத்து கொண்டுபோய் விடுவது சொல்லின் வாயிற்படி வரையிலேதான். அங்கிருந்து உள்ளே செல்வது, அச்சொல்லை முன்பே காதால் கேட்டிருக்கும் குழந்தைக்கு மட்டுமே எளிது. 'கமல' என்று கூட்டிய குழந்தையைத் தவறு என்று கடிந்துகொள்வது முறையன்று. 'அப்படி ஒரு பூ உண்டா?' என்று கேட்டால் அதுவே திருத்திக்கொள்ளும்.

வீட்டு மொழி வேறாக இருக்கும் குழந்தைகளின் துன்பம் இதனால் விளங்கும். கோண்டி பேசும் வீட்டிலிருந்து இந்திப் பள்ளிக்கு வரும் குழந்தை எவ்வளவு ஒழுங்காகக் கூட்டினாலும், கூட்டி முடித்த இடத்தில் தனக்குத் தெரிந்த சொல் ஒன்று காத்திருப்பதில்லை. அதனைக் கற்பிப்போர் முதற் சில மாதங்களில் வாய்மொழிப் பயிற்சிக்கு மிகுந்த நேரம் ஒதுக்குவதும், இயன்றவரை வீட்டு மொழிச் சொற்களையே முதல் வாசிப்புக்கு எடுத்துக்கொள்வதும் இன்றியமையாதவை. ஒடிசாவில் பழங்குடி மொழிகள் பலவற்றில் இம்முறையில் தொடக்கக் கல்வி அளிக்கப்பட்டுவருகிறது. சந்தாலி மொழிக்கென ரகுநாத் முர்மு 1925இல் வகுத்த ஒல் சிக்கி எழுத்தில் 30 எழுத்துகளே உண்டு என்பதும், உயிரொலிகள் குறியாக ஒட்டாமல் தனி எழுத்தாகவே மெய்யை அடுத்து நிற்கின்றன என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவை. மேலே விரித்துரைத்த உயிர்க்குறித் தொல்லை அவ்வெழுத்தில் எழுவதேயில்லை.

தவறுகள் கூறுவது என்ன

சேர்ந்து வாசித்தல் வகுப்புக்கு உற்சாகம் தருவதே. ஆனால் அறியாமையை அதுபோல் மறைப்பது வேறொன்றில்லை. நாற்பது குரல்களுள் நாலைந்தே வாசிக்கின்றன. மற்றவை அரை நொடி பின்னால் தொடர்ந்து செல்கின்றன. ஒவ்வொரு குழந்தையையும் வாரத்துக்கொரு முறையேனும் தனியே அழைத்து, ஒரு நிமிட நேரம் வாசிக்கக் கேட்க வேண்டும். நாளொன்றுக்கு எட்டுக் குழந்தைகள் வீதம் ஐந்து நாளில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும்.

அவ்வாறு கேட்கையில், தவறு என்று குறித்துவிட்டு நகராமல் எவ்வகைத் தவறு என்று நோக்க வேண்டும். 'மீன்' என்பதை 'மான்' என்று வாசிக்கும் குழந்தைக்கு மெய் தெரிகிறது, குறி ஊன்றவில்லை. 'கார்' என்பதில் காலையும் ரகரத்தையும் குழப்பிக்கொள்ளும் குழந்தைக்கு உருவ வேறுபாட்டை அருகருகே வைத்துக் காட்ட வேண்டும். 'கப்பல்' என்பதைப் 'படகு' என்று சொல்லும் குழந்தை எழுத்தையே பார்க்கவில்லை, படத்தைப் பார்த்திருக்கிறது. எழுத்து எழுத்தாகச் சரியே சொல்லி, இறுதியில் சொல்லை மட்டும் சொல்லத் தெரியாத குழந்தைக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சியன்று, கூட்டும் பயிற்சி. இந்நால்வரையும் ஒன்றாக அமர்த்தி மீண்டும் அகர முதல் ஓதச் செய்தால் நால்வருக்கும் பயனில்லை.

மனப்பாடத்தையும் வாசிப்பையும் வேறுபடுத்தியறிய ஓர் எளிய வழி உண்டு. பாடத்திலுள்ள எழுத்துகளைக் கொண்டே பாடத்தில் இல்லாத சொற்களை அமைத்துக் கேட்கலாம்; பொருளற்ற சொற்களையும் ஒன்றிரண்டு சேர்க்கலாம். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாண்டு முடிவில் நடைபெறும் சோதனையில் 40 சொற்களில் 20 பொருளற்றவை. 'லாகம்', 'பமல்' போன்ற சொற்களை வாசித்துவிட்ட குழந்தை எழுத்தொலியை அறிந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் இது சோதனைக்கு மட்டுமே உரியது. பொருளற்ற சொற்களைப் பாடமாக நடத்துவது குழந்தையின் காலத்தை வீணாக்குவதாகும்.

தடையின்றி வாசிக்கும் வேகம் நாளடைவில் வர வேண்டும். 2021 ஜூலையில் தொடங்கி 2026-27ஐ இலக்காண்டாகக் கொண்ட 'நிபுண் பாரத்' இயக்கம், இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்களும், மூன்றாம் வகுப்பு முடிவில் 60 சொற்களுக்குக் குறையாமலும் பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்று வரையறுத்துள்ளது. வேகத்தை அளப்பது எளிது. பொருளுணர்ச்சியை அளப்பது கடினம். எளிதானதை மட்டும் அளந்து கணக்கனுப்பும் பழக்கம் வேரூன்றாமல் பார்த்துக்கொள்வது மேற்பார்வையாளர்களின் பொறுப்பு.

ஆங்கில வகுப்பில்

முதல் வகுப்பிலேயே ஆங்கிலமும் கற்பிக்கப்படும் பள்ளிகளில் ஒரு தனி எச்சரிக்கை தேவை. நம் மொழிகளில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே. ஆங்கிலத்தில் வேறு வேறு. 'பி, ஏ, டி' என்னும் பெயர்களை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் மட்டையைக் குறிக்கும் 'பேட்' என்னும் சொல் வாராது. ஆகவே அங்கு ஒலியையே முதலில் கற்பிக்க வேண்டும். அவ்வாறு கற்பிக்கும்போதும் நம் நாவின் பழக்கம் குறுக்கிடுகிறது. மெய்யைத் தனியே உச்சரிக்கையில் அதனோடு ஓர் அகரத்தைச் சேர்த்துவிடுகிறோம். குழந்தை அதனையும் சேர்த்துக் கூட்டுகிறது. மெய்யொலியை இயன்ற அளவு குறுக்கிச் சொல்லிப் பழகுதல் ஆசிரியர் செய்ய வேண்டிய முதற் பயிற்சியாகும். எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறெழுத்துகளோடு தொடங்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவியுள்ளது. பின், டின், டிப், நிப் முதலிய பல சிறு சொற்கள் அவற்றால் அமைகின்றன. தாய்மொழியில் கூட்டி வாசிக்கத் தெரிந்த குழந்தைக்கு இது ஓரிரு மாதங்களில் பிடிபட்டுவிடும். இரு எழுத்துகளையும் ஒரே பருவத்தில் ஒருசேரத் திணிப்பதைவிட, ஆங்கிலத்தை முதலில் பேச்சாகவும் பாட்டாகவும் வைத்துக்கொண்டு எழுத்தைச் சிறிது பிந்திக் கொணர்வது குழந்தைக்கு இலகுவாக இருக்கும்.

நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்கு வந்துவிட்ட பின்னும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை என்ன செய்வது என்று களப்பணி ஊழியர்கள் அடிக்கடி வினவுகின்றனர். இவர்களை வயதுப்படி அமர்த்தாமல் நிலைப்படி பிரிப்பதே வழி: எழுத்தறியாதோர், எழுத்தறிந்தும் சொல் கூட்டாதோர், சொல் கூட்டியும் தொடர் வாசிக்காதோர். நாள்தோறும் ஒரு மணி நேரம் இக்குழுக்களுக்கென ஒதுக்கி, மேற்கண்ட முறையிலேயே நடத்தலாம். இரண்டு மாறுதல்கள் மட்டும் தேவை. பத்து வயதுப் பிள்ளையின் கையில் முதல் வகுப்புப் புத்தகத்தைக் கொடுக்கக்கூடாது. கடைப் பலகை, பேருந்துப் பலகை, விதைப் பொட்டலத்தின் மேலுறை, தன் வீட்டார் பெயர் ஆகியவற்றிலிருந்து சொற்களை எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, இப்பிள்ளைகள் தாமறிந்த எழுத்துகள் இன்னவை என்பதைத் தம் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் தாமே கட்டம் போட்டு நிரப்பிவரச் செய்ய வேண்டும். பார்வையிடச் செல்லும் ஊழியர் வகுப்பாசிரியரின் பதிவேட்டைப் புரட்டுமுன் அந்தப் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள எழுத்துகளால் ஒரு புதுச் சொல்லை எழுதிக் கொடுத்துப் பார்க்கலாம்.